பஞ்சாபின் அடுப்பு வைக்கத்துக்கு வந்த கதை



வைக்கம் சத்தியாக்கிரகம் பற்றிய எனது சென்ற மாத உரையில் ஒரு செய்தியைப் போகிற போக்கில் சொல்லிச் சென்றிருந்தேன். 1924ஆம் ஆண்டு வைக்கத்தில் போராடிய தொண்டர்களுக்காக, பஞ்சாபிலிருந்து வந்த அகாலிச் சீக்கியர்கள் ஓர் இலவசச் சாப்பாட்டுக்கூடம் நடத்தினார்கள் என்பதே அது. உரை ஒலிபரப்பான பிறகு நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு செய்தியைப் பற்றியவைதான். "அவையளுக்கும் வைக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஓர் அம்மா நேரடியாகவே கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வியும்கூட. ஆகவே இம்மாத உரையை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ரொறன்ரோவில் வாழும் எங்களுக்குச் சீக்கியர்கள் புதியவர்கள் அல்லர். பிரம்டனில் வீடு வாங்கியவர்களுக்கு அயலவர்கள், தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்குக் கூட்டாளிகள், பிள்ளைகளுக்கு வகுப்புத் தோழர்கள். ஆனால் தலைப்பாகைக்கும் தாடிக்கும் கைக்காப்புக்கும் அப்பால் அவர்களின் சமயத்தைப் பற்றி நாங்கள் அதிகம் விசாரித்ததில்லை. குருத்துவாராவுக்குப் போனால் யாருக்கும் சாப்பாடு கிடைக்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாப்பாட்டிலிருந்தே தொடங்குவோம்.

சீக்கிய சமயத்தின் முதல் குருவான நானக் 1469இல், இன்று பாகிஸ்தானில் நன்கானா சாஹிப் என்று அழைக்கப்படும் தல்வண்டி என்ற ஊரில் பிறந்தவர். தந்தையார் நிலக்கணக்கு எழுதுபவர். கத்ரி என்ற உயர்சாதியினர். நானக் பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தார். அவர் இலங்கைக்கும் வந்தார் என்று சீக்கியர்களின் பழைய மரபுக் கதைகள் சொல்கின்றன; வரலாற்றாசிரியர்கள் அதில் ஒருமித்த கருத்துடையவர்களாக இல்லை. கடைசியில் ராவி ஆற்றங்கரையில் கர்த்தார்பூர் என்ற குடியிருப்பை அமைத்து, உழுது பயிர் செய்து வாழ்ந்து, 1539இல் காலமானார். அவருடைய போதனையைச் சீக்கியர்கள் மூன்று சொற்றொடர்களில் அடக்கிச் சொல்வார்கள்: இறைவன் பெயரை நினை, உழைத்துச் சம்பாதி, பகிர்ந்து உண். கடவுள் ஒருவரே, அவருக்கு உருவம் இல்லை, பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை. பக்தி இயக்கக் காலத்தில் வேறு பலரும் பாடிய கருத்துக்கள்தான் இவை. நானக்கின் வழியில் வந்தவர்களின் தனித்தன்மை, அந்தக் கருத்துக்கு ஒரு குசினி கட்டியதில் இருக்கிறது.

அந்தக் குசினிக்கும் அதில் பரிமாறப்படும் பந்திக்கும் பெயர் லங்கர். சாதி என்பது எந்த இடத்தில் உயிரோடு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கலியாணம் வாழ்க்கையில் ஒருமுறைதான் வருகிறது. சாப்பாடு நாளுக்கு மூன்று தடவை வருகிறது. யார் சமைத்ததை யார் தொடலாம், யார் பக்கத்தில் யார் இருக்கலாம், தண்ணீரை யார் வார்க்கலாம் என்ற விதிகளால்தான் சாதி நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. நானக்கின் வழியினர் கை வைத்தது அந்த இடத்தில். இரண்டாவது குருவான அங்கதரின் மனைவி மாதா கீவி லங்கரைப் பொறுப்பாக நடத்தியவர். அவர் நெய் விட்டுப் பரிமாறிய பாற்சோறு பற்றி வேதநூலான குரு கிரந்தத்திலேயே பாடப்பட்டிருக்கிறது. சமையல் செய்த ஒரு பெண்ணின் பெயர் ஒரு சமயத்தின் மூலநூலில் இடம்பெறுவது சின்ன விடயம் அன்று. மூன்றாவது குருவான அமர்தாஸ் ஒரு விதியே வைத்தார். முதலில் பந்தியில் எல்லோருடனும் நிலத்தில் இருந்து சாப்பிட வேண்டும், அதன் பிறகே குருவைப் பார்க்கலாம். அக்பர் சக்கரவர்த்தியும் அப்படியே சாப்பிட்டார் என்பது மரபு.

ஐந்தாவது குரு அர்ஜன், 1604இல் திருநூலைத் தொகுத்து அமிர்தசரஸ் ஹர்மந்திர் சாஹிப்பில், அதாவது பொற்கோயிலில், வைத்தார். அதில் குருமாரின் பாடல்களுடன் நெசவாளியான கபீர், செருப்புத் தைக்கும் ரவிதாஸ், தையற்காரரான நாமதேவர், இறைச்சி வெட்டுபவரான சாதனா, முஸ்லிம் சூஃபியான ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் உண்டு. பத்தாவது குருவான கோவிந்த் சிங் 1708இல் நாந்தேடில் காலமாகும் முன், இனி மனித குரு இல்லை, இந்த நூலே குரு என்று அறிவித்துவிட்டார். ஆகவே ஒரு சீக்கியர் கிரந்தத்தின் முன் நெற்றி நிலத்தில் படக் கும்பிடும்போது ஒரு செருப்புத் தைப்பவரின் சொற்களையும்தான் கும்பிடுகிறார்.

அதே கோவிந்த் சிங்தான் 1699 வைசாகித் திருநாளில் ஆனந்தபூரில் கால்சாவை உருவாக்கியவர். தலை தர யார் தயார் என்று கேட்டபோது எழுந்த ஐந்து பேரில் ஒருவர் கத்ரி, ஒருவர் ஜாட் விவசாயி. மற்றவர்களில் ஒருவர் தண்ணீர் சுமப்பவர், ஒருவர் துணித்தொழில் செய்பவர். நாவிதரான ஐந்தாமவர் தெற்கே பீதரிலிருந்து வந்தவர் என்று மரபு கூறுகிறது. ஐவருக்கும் ஒரே இரும்புக் கிண்ணத்திலிருந்து அமிர்தம் கொடுத்த குரு, பிறகு அவர்களிடமிருந்தே தாமும் பெற்றுக்கொண்டார். வெட்டாத முடி, சீப்பு, இரும்புக் காப்பு, குறுவாள், அரைக்கால்சட்டை என்ற ஐந்து அடையாளங்களும் ஆண்களுக்கு சிங், பெண்களுக்குக் கவுர் என்ற பெயரும் கால்சாவோடு வந்தவை. பெயரைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாமற் செய்வதும் அதன் ஒரு நோக்கம்.

இவ்வளவும் ஏட்டில் இருப்பவை. நடைமுறையில் என்ன ஆயிற்று என்று பார்த்தால்தான் அகாலிகள் யார் என்பது விளங்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் கால்சாச் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டுக் காடுகளில் ஒளிந்திருந்த காலத்தில், குருத்துவாராக்களைப் பார்த்துக்கொண்டவர்களில் பலர் உதாசிகள் என்ற துறவிப் பிரிவினர். முடி வளர்ப்பது அவர்களுக்குக் கட்டாயம் இல்லாததால் அவர்களைப் பிடித்துக் கொல்லவில்லை. பிறகு மகாராஜா ரஞ்சித் சிங் காலத்தில் (1801 முதல் 1839 வரை) குருத்துவாராக்களுக்கு நிலங்கள் மானியமாக வந்தன. 1849இல் ஆங்கிலேயர் பஞ்சாபைப் பிடித்து நில அளவை செய்து பதிவேடு எழுதியபோது, பல இடங்களில் கோயில் நிலம் மகந்த் எனப்படும் பொறுப்பாளர்களின் சொந்தப் பெயரில் ஏறிவிட்டது. புதிய வாய்க்கால்கள் வெட்டப்பட்டு நிலத்தின் விலை உயர்ந்தது. வாய்க்கால் தண்ணீர் மகந்துகளைச் செல்வந்தர்கள் ஆக்கியது என்று சொல்வதில் தவறில்லை. பொற்கோயிலையோ அரசாங்கம் தானே நியமித்த மேலாளர் மூலம் தன் கைக்குள் வைத்திருந்தது.

பணம் சேர்ந்த இடத்தில் பழைய வழக்கங்களும் திரும்பி வந்தன. பொற்கோயிலின் சுற்றுவீதியில் விக்கிரகங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவை 1905இல்தான் அகற்றப்பட்டன. தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியரானவர்கள் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் உள்ளே வரலாம். அவர்கள் கொண்டுவரும் பிரசாதத்தைப் பூசகர்கள் வாங்கமாட்டார்கள். லங்கரில் சாதியை உடைத்த சமயத்தின் தலைமைக் கோயிலிலேயே இந்த நிலைமை.

இந்தப் பிரசாதம் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோதுமை மா, நெய், சீனி மூன்றையும் சம அளவில் எடுத்து, தண்ணீர் சேர்த்து இரும்புச் சட்டியில் கிளறிச் செய்வது. எங்கள் ஊர் அல்வாவின் உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கொண்டுவருவதை வாங்கி, பிரார்த்தனை சொல்லி, குறுவாளால் தொட்டு, மற்றவர்கள் கொண்டுவந்ததோடு ஒன்றாகக் கலந்து எல்லோருக்கும் உருட்டிக் கொடுப்பார்கள். கலந்த பிறகு எது யார் வீட்டு நெய் என்று பிரிக்க முடியாது. பூசகர்களின் பயமும் அதுதான்.

1920 ஒக்ரோபர் 12ஆம் திகதி. அமிர்தசரஸில், முந்தைய ஆண்டு ஜெனரல் டயர் சுட்டுத்தள்ளிய அதே ஜாலியன்வாலா பாக்கில், கால்சா பிராதரி என்ற தாழ்த்தப்பட்ட சமூகத்துச் சீக்கியர் அமைப்பின் மாநாடு நடந்து முடிந்தது. புதிதாக அமிர்தம் பெற்றவர்கள் பிரசாதத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகப் பொற்கோயிலுக்குப் போனார்கள். கால்சா கல்லூரிப் பேராசிரியர்கள் சிலரும் உடன் சென்றார்கள். பூசகர்கள் வழக்கம்போல மறுத்தார்கள். வாக்குவாதம் முற்றியது. கடைசியில், கிரந்தத்தைத் திறந்து பார்ப்போம், குரு சொல்வதைக் கேட்போம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. கண்ணில் படும் முதல் பாடலை அன்றைய கட்டளையாக எடுத்துக்கொள்வது சீக்கிய வழக்கம். திறந்தபோது வந்தது மூன்றாவது குரு அமர்தாஸின் பாடல். பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டு வா என்றாரே, அவரேதான். தகுதி இல்லாதவர்களையும் இறைவன் தானே மன்னித்துச் சேர்த்துக்கொள்கிறான் என்பது அதன் பொருள். பூசகர்கள் பிரசாதத்தை வாங்கிக்கொண்டார்கள்.

கூட்டம் அங்கிருந்து எதிரே உள்ள அகால் தக்த் என்ற ஆசனத்துக்குப் போனது. அங்கிருந்த பூசகர்கள் இடத்தை விட்டு ஓடிவிட்டார்கள். காலியாக விடக்கூடாது என்று கர்த்தார் சிங் ஜப்பர் என்பவரும் 25 பேரும் காவலுக்கு இருந்தார்கள். அடுத்த மாதமே, 1920 நவம்பரில், 175 உறுப்பினர்களுடன் சிரோமணி குருத்துவாரா பிரபந்தக் கமிட்டி உருவானது. இன்றும் பொற்கோயிலை நிர்வகிப்பது இதே கமிட்டிதான். அதன் தொண்டர் படையாக எழுந்தவர்களே அகாலிகள். ஒரு பிடி அல்வாவை வாங்க மறுத்ததில் தொடங்கியது ஐந்து ஆண்டுப் போராட்டமாக வளர்ந்தது.

அந்த ஐந்து ஆண்டுகளில் இரத்தம் நிறையச் சிந்தியது. 1921 பெப்ரவரி 20ஆம் திகதி நானக் பிறந்த நன்கானா சாஹிப்பில், நாராயண் தாஸ் என்ற மகந்த் கூலிக்கு ஆள் வைத்து, உள்ளே அமைதியாக இருந்த அகாலிகளைச் சுட்டும் வெட்டியும் எரித்தும் கொன்றான். இறந்தவர்கள் 130 பேருக்கு மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அடுத்த மாதம் காந்தி அங்கே சென்று பார்த்தார்.

நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புவது 1922இல் குரு கா பாக்கில் நடந்ததை. அமிர்தசரஸிலிருந்து சுமார் 20 கிலோமீற்றரில் உள்ள குருத்துவாரா அது. கோயில் கமிட்டியிடம், பக்கத்துக் காணி தன்னுடையது என்றார் மகந்த். ஓகஸ்ட் மாதத்தில் ஐந்து அகாலிகள் அந்தக் காணியில் காய்ந்த வேலமரத்தை வெட்டினார்கள். எதற்கு? லங்கர் அடுப்புக்கு விறகாக. திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டு ஆறு மாதக் கடூழியச் சிறை கிடைத்தது. உடனே நாள்தோறும் விறகு வெட்ட ஆட்கள் புறப்பட்டார்கள். அடித்தாலும் திருப்பி அடிப்பதில்லை என்று அகால் தக்த்தில் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்புவார்கள். பொலிஸார் இரும்புப் பூண் போட்ட தடியால் அடித்து வீழ்த்துவார்கள். விழுந்தவர்கள் எழுவார்கள், மறுபடி அடி விழும். இவர்களில் பலர் முதல் உலகப் போரில் பிரித்தானியப் படையில் சண்டை பிடித்துப் பதக்கம் வாங்கியவர்கள், இடுப்பில் குறுவாள் உள்ளவர்கள். செப்டெம்பரில் அங்கே போன ஆங்கிலப் பாதிரியார் சி.எப். ஆண்ட்ரூஸ், கண்டதைக் கிறிஸ்துவின் பாடுகளோடு ஒப்பிட்டு எழுதினார். அதன் பிறகு அடி நின்றது. கைது நிற்கவில்லை. 5,000 பேருக்கு மேல் சிறைக்குப் போனார்கள். நவம்பரில் சர் கங்கா ராம் என்ற செல்வந்தர் அந்தக் காணியைக் குத்தகைக்கு எடுத்து, விறகு வெட்டத் தடையில்லை என்று அறிவித்ததோடுதான் பிரச்சினை தீர்ந்தது.

அந்தக் கைதிகளை ஏற்றிய ரயில் ஒன்று ஒக்ரோபர் 30ஆம் திகதி ஹசன் அப்தால் நிலையத்தைக் கடந்து செல்ல இருந்தது. அவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பஞ்சா சாஹிப் குருத்துவாராவினர் சாப்பாடு சமைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ரயில் இங்கே நிற்காது என்றார் நிலைய அதிபர். சிலர் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ரயில் ஏறி நின்றது. கரம் சிங், பிரதாப் சிங் என்ற இருவர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். பிறகு சாப்பாடு பரிமாறப்பட்டது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம், ஒரு வேளைச் சோற்றுக்காகவா என்று ஒரு மனம் கேட்கும். பசித்துப் போகும் கைதி தங்கள் வாசலைத் தாண்டக்கூடாது என்பதே அவர்களுக்கு வழிபாடாக இருந்திருக்கிறது என்று மற்ற மனம் சொல்லும்.

எல்லோரும் பொறுமை காத்தார்கள் என்றும் இல்லை. பப்பர் அகாலிகள் என்ற குழுவினர் ஆயுதம் எடுத்தார்கள், தூக்கிலும் தொங்கினார்கள். 1923இல் நாபா சமஸ்தான மன்னரை ஆங்கிலேயர் பதவி நீக்கியதைத் தொடர்ந்து ஜைத்தோ என்ற இடத்தில் புதிய போராட்டம் மூண்டது. அந்த ஒக்ரோபரில் கமிட்டியும் அகாலி தளமும் சட்டவிரோதமாக்கப்பட்டன. 1924 பெப்ரவரி 21ஆம் திகதி ஜைத்தோவை நெருங்கிய 500 பேர் கொண்ட ஜாதா மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜாதா என்றால் அணி. அந்த ஆண்டு இங்கே கனடாவிலிருந்தும், வான்கூவரில் இருந்து, ஒரு சிறிய ஜாதா கப்பலேறிப் போனது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அப்போது அவர்களுக்கு வாக்குரிமைகூட இல்லை. அது 1947இல்தான் திரும்பக் கிடைத்தது.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது 1924 மார்ச் 30ஆம் திகதி. ஜைத்தோச் சூட்டுக்கு ஆறு வாரம்கூட ஆகவில்லை. அகாலிகளின் அமைப்பு தடை செய்யப்பட்டு, ஆட்கள் ஆயிரக்கணக்கில் சிறையில் இருந்த நேரம். அந்த நேரத்தில்தான் அவர்கள் ஏப்ரல் இறுதியில் நாட்டின் மறு அந்தத்துக்கு ஆட்களை அனுப்பி வைக்கத்தில் அடுப்பு மூட்டினார்கள். கோயிலைச் சுற்றிய தெருவில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது என்றால் என்ன என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் தங்கள் கோயிலிலேயே பார்த்ததுதான். அப்போது காந்தியின் சார்பில் அமிர்தசரஸில் இருந்த மலையாளியான கே.எம். பணிக்கரும் இரு பக்கத்துக்கும் பாலமாக இருந்தார்.

காந்திக்கு இது பிடிக்கவில்லை. வைக்கம் இந்துக்கள் தங்களுக்குள் தீர்க்க வேண்டிய பாவம், பிற சமயத்தவர் தலையிடக்கூடாது என்பது அவர் நிலை. கிறிஸ்தவரான ஜோர்ஜ் ஜோசப்பையும் அதே காரணம் சொல்லி விலகச் சொன்னவர் அவர். இலவசச் சாப்பாடு கேரள மக்களின் சுயமரியாதைக்கு நல்லதல்ல, தொண்டர்களுக்கு உள்ளூர் மக்களே உணவளிக்க வேண்டும் என்றும் எழுதினார். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வெளியார் பணத்தில் நடக்கும் போராட்டம் உள்ளூரில் வேர் விடாது என்பது அனுபவசாலியின் பேச்சு. ஆனாலும் லங்கரை அவர் அன்னதானமாக எடுத்துக்கொண்டார் என்பதே என் எண்ணம். அன்னதானத்தில் கொடுப்பவர் நிற்பார், வாங்குபவர் இருப்பார். லங்கரில் கொடுத்தவரும் அதே வரிசையில் அதே நிலத்தில் இருந்து சாப்பிடுவார். சாதிக்கு எதிராகத் தெருவில் நிற்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு எது? பெரியார் பிற்காலப் பேச்சுக்களில் வைக்கத்தை நினைவுகூரும்போது காந்தியின் இந்த எதிர்ப்பையும் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறார். எப்படியோ, சில வாரங்களில் அகாலிகள் அடுப்பை அணைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

சீக்கியர்களிடையே சாதி இல்லாமற் போய்விட்டதா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. பஞ்சாபின் பல ஊர்களில் தலித்துகளுக்கு வேறு குருத்துவாரா, வேறு சுடலை என்பது இன்றும் உண்டு. 2009இல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் ரவிதாஸ் வழியினரின் கோயிலில் நடந்த தாக்குதலில் அவர்களின் மதகுரு ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, அவர்களில் ஒரு பகுதியினர் 2010இல் தனிச் சமயமாகப் பிரிந்து தனித் திருநூலையும் ஏற்படுத்திக்கொண்டார்கள். அதே வேளையில் பொற்கோயில் லங்கரில் நாளொன்றுக்கு 50,000 பேருக்கு மேல் வரிசையில் இருந்து சாப்பிடுகிறார்கள், யாரும் யாருடைய சாதியையும் கேட்பதில்லை. இரண்டும் ஒரே பஞ்சாபில் நடப்பவைதான்.

அகாலிகளின் கோரிக்கை 1925இல் சட்டமானது. குருத்துவாராக்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட கமிட்டியின் கைக்கு வந்தன. அந்தத் தேர்தலில் சீக்கியப் பெண்களுக்கும் வாக்கு இருந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 1925 நவம்பர் 1ஆம் திகதி. அதே மாதத்தில் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் முடித்துக்கொள்ளப்பட்டது. கோயிலைச் சுற்றிய நான்கு தெருக்களில் மூன்று எல்லோருக்கும் திறக்கப்பட்டன. கிழக்குத் தெரு மட்டும், 1936 நவம்பர் 12ஆம் திகதி திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை, மூடியே கிடந்தது.